மடியில்லாத பசுவுக்குப் பிறகு

பசுவுக்கு மடி வேண்டாம் என்று சொன்னவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் படித்தவர்கள். மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில், கடகடவென்று சத்தம் போடும் ஏர்கோனுக்குக் கீழே, நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல் போடும் சின்னப் பதிப்பகம் அது. பதினொரு வருடம் நான் அவர்களுக்குப் படம் வரைந்தேன்.

"கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்மா. பிள்ளைங்க பாக்குறது" என்றார் குழுத் தலைவர். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

"சார், கீழ 'பசு நமக்குப் பால் தரும்'னு போட்டிருக்கே?"

"அது வாக்கியம்மா. படத்துல காட்டித்தான் ஆகணும்னு இல்லையே."

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே தலையாட்டினார். அந்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இரண்டு மாடு வைத்திருந்தார். ஒன்பது வயதிலிருந்து பள்ளிக்குப் போகும் முன் பால் கறப்பது என் வேலை. மடியை எனக்குக் கண்ணால் மட்டுமல்ல, கையாலும் தெரியும். காம்பில் சின்ன வெடிப்பு இருந்தால் மாடு எந்தக் காலால் உதைக்கும் என்றும் தெரியும். அப்படிப்பட்ட நான், வீட்டுக்கு வந்து, அந்தப் பசுவின் வயிற்றுக்குக் கீழே இருந்ததை அழித்தேன். அழித்த இடத்தில் வயிற்றை நேராக ஒரு கோட்டால் மூடினேன். பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது.

ஏன் அழித்தாய் என்று யாராவது கேட்டால், பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பதினொரு வருடத்தில் எத்தனையோ அழித்தாயிற்று. யானை சிரிக்க வேண்டும் என்றார்கள், சிரிக்க வைத்தேன். அம்மா கையில் புத்தகம் வைத்திருந்த படத்தில் புத்தகத்தை எடுத்துவிட்டுக் கரண்டி கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். கிழவருக்குப் பல் போட்டேன். நம் பிள்ளைகளை நம் பிள்ளைகளின் நிறத்தில் வரைந்தபோது, "கொஞ்சம் கலரா போடும்மா" என்றார்கள். கலர் என்றால் என்ன கலர் என்று எனக்குத் தெரியாதா? அதையும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

நூல் வெளிவந்தது. யோங் பெங் ஊரில் ஒரு மண்டபத்தில் ஆசிரியர்களைக் கூப்பிட்டு அறிமுகக் கூட்டம் வைத்தார்கள். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேரத்தில் ஒரு டீச்சர் எழுந்து நூலைத் தூக்கிக் காட்டினார்.

"சார், இந்தப் பசுவுக்கு மடியே இல்லையே? எங்க வகுப்புல பிள்ளைங்க கேக்குறாங்க, பால் எங்கிருந்து வருதுன்னு."

மண்டபம் சிரித்தது. சாரும் சிரித்தார். கையில் மைக் இருந்தது.

"அது ஓவியர் பண்ண தவறு. அடுத்த பதிப்புல திருத்திடுறோம்."

சொன்னதோடு விடவில்லை. மூன்றாவது வரிசையை நோக்கி விரலை நீட்டி, "அவங்கதான் ஓவியர், வந்திருக்காங்க" என்றார். முப்பது தலைகள் திரும்பின.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். எழுந்து, "இல்ல சார், நான் போட்டேன், நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, கன்னம் வலிக்கச் சிரித்தேன். கூட்டம் முடிந்து பசியாற மீகூன் நூடுல்ஸ் கொடுத்தார்கள். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த பதிப்பில் பசுவையே எடுத்துவிட்டார்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் பால் நின்றது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு காகம் வரைய வேண்டியிருந்தது. காகம் வரைவதற்கு என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அன்று அலகைப் போட்டேன், கழுத்து வரைக்கும் வந்தேன், கை நின்றுவிட்டது. காகத்துக்கு இவ்வளவு கறுப்பு இருக்கலாமா என்று யாரோ கேட்பது போல இருந்தது. யாரும் கேட்கவில்லை, அறையில் நான் மட்டும்தான். மறுநாள் உட்கார்ந்தேன், அலகோடு நின்றது. ஒரு வாரத்தில் ஒன்பது அலகுகள் சேர்ந்தன. சாருக்குப் போன் போட்டு உடம்பு சரியில்லை என்றேன். "சரிம்மா, ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டார். பதினொரு வருடம் வேலை செய்தவள், என்ன உடம்பு என்று ஒரு கேள்வி இல்லை.

இரண்டரை வருடம் நான் ஒரு கோடு போடவில்லை.

சிங்கப்பூரில் உணவு பேக்கிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கடல் பாலத்தைத் தினமும் கடந்து போய் வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி ஆனேன். தட்டில் சோறு, பக்கத்தில் குழம்பு, மேலே மூடி. என் கை அதைச் செய்தது. அதில் யாரும் திருத்தம் சொல்லவில்லை. நிம்மதி என்றுகூட நினைத்தேன்.

வரையாமல் இருப்பவளுக்கு உலகம் சொல்லும் ஆறுதல் இருக்கிறதே, அதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. என் கணவரோடு துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர், இறந்துபோன தன் அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோவைக் கொடுத்து, "சும்மா பத்து நிமிஷ வேலைதானே, வரைஞ்சு குடுங்க" என்றார். அவர் அப்பா பத்து நிமிஷம்தானா? நாத்தனார் மகள் தினமும் வீடியோ அனுப்பினாள். முப்பது நாளில் கற்பனை ஊற்றைத் திறப்பது எப்படி, காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் எழுதுங்கள், உங்களை மன்னியுங்கள். நான் ஏன் என்னை மன்னிக்க வேண்டும்? ஒரு கல்யாண வீட்டில் அதே பெண் போனை நீட்டினாள்.

"இப்ப இதுலயே கேட்டா வரைஞ்சு குடுத்துடுது அத்தை. எதுக்குக் கஷ்டப்படணும்?"

திரையில் ஒரு பசு நின்றது. பளபளப்பாக இருந்தது. சிரித்தது. எனக்குப் பந்தியில் உட்காரவே பிடிக்கவில்லை.

என் கணவர் அதிகம் பேசாதவர். என் பிறந்த நாளுக்குப் பெரிய ஓவிய நோட்டும் இருபத்து நான்கு பென்சிலும் வாங்கி வந்தார். நல்ல தாள், தடிமனான அட்டை. நான் நன்றி சொல்லி அலமாரிக்கு மேலே வைத்தேன். அதன் மேல் பல்லி முட்டையிட்டது. பாவம், அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் கோபப்பட்டேன். அந்த நோட்டின் விலைக்கு ஏற்ற மாதிரி நான் ஏதாவது வரைந்தாக வேண்டும் என்று அது கேட்பது போல இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து சிங்கப்பூர் எல்லையின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, பாலத்தைக் கடக்கும் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். வெள்ளிக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம், வரிசை படிக்கட்டு வரைக்கும் வளைந்து நின்றது. முக்கால் மணி நேரம் நகர்ந்து நகர்ந்து எனக்கு முன்னால் ஆறு பேர் என்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். இஸ்திரி போட்ட சட்டை, காதில் போன், தோளில் கணினிப் பை, இப்படி ஒரு ஆள் பக்கவாட்டிலிருந்து வந்தார். "எக்ஸ்கியூஸ் ஆண்டி" என்றார். எனக்கு முன்னால் நின்றுகொண்டார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்கவில்லை. போனில் பேச்சு நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் நூறு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறினார். டிரைவர் என் முகத்துக்கு நேராகக் கையைக் காட்டிக் கதவை மூடினார். இடமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆள் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலத்தில் ஏறியதும் ஜாம். எனக்குக் காது சூடாகி இருந்தது. கைப்பையில் தொழிற்சாலை கொடுத்த ஷிப்ட் அட்டவணைத் தாள் இருந்தது, ஒரு பால்பாயிண்ட் பேனா இருந்தது. தாளைத் திருப்பி மடியில் வைத்து ஒரு கழுத்தைப் போட்டேன். கழுத்து நீண்டது. நீண்டுகொண்டே போனது. தாளின் ஓரத்தில் மடங்கித் திரும்பி வந்தது. தலை எல்லோருக்கும் முன்னால் போய் நின்றது. பின்னங்கால்கள் மட்டும் வரிசையின் கடைசியில் கிடந்தன, முட்டி பின்பக்கம் வளைந்து, விரல்களுக்கு நடுவே சுருங்கிய தோலோடு. முகத்தில் துளி வெட்கமில்லை. கழுத்து முழுக்க உண்ணிகள் வைத்தேன். ஒவ்வொரு உண்ணிக்கும் எட்டுக் கால். பஸ் ஜொகூர் பக்கம் வந்து நின்று எல்லோரும் எழுந்தபோதுதான், நான் வரைந்திருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

அது எந்த மிருகமும் இல்லை. அதனால் அதற்கு எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று சொல்ல ஒருவராலும் முடியாது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் கைக்கு முன்பே தெரிந்திருந்தது போல.

மறுநாள் வேலை நாள்தான். மறுபடியும் வரைந்தேன். அதற்கடுத்த நாளும். ஸ்டேஷனரி கடையில் கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்று வாங்கினேன், இருப்பதிலேயே மட்டமானது. ஒரு நாளைக்கு ஒரு மிருகம். பாலத்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆரம்பம், இறங்கும்போது முடிவு. திருத்தம் கிடையாது, பேனாவில்தான் வரைவேன். ஜாம் நீண்டால் மிருகத்துக்கு உடம்பெல்லாம் முடி இருக்கும். பஸ் சீக்கிரம் போய்விட்டால் பாவம் மொட்டையாகவே பிறக்கும்.

அதே பஸ்ஸில் தினமும் வரும் ஓர் அக்கா உண்டு. தமிழ் முஸ்லிம், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சிங்கப்பூரில் ஒரு பிரியாணிக் கடைச் சமையற்கட்டில் வேலை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கை வெங்காயம் மணக்கும். நாலைந்து நாள் ஒன்றும் சொல்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் விரலை நோட்டில் வைத்தார். அன்று நான் வரைந்தது பெரிய காதும் சின்ன உடம்புமாக ஒன்று. காலையிலிருந்து மேற்பார்வையாளர் திட்டியதைக் கேட்டுக் கேட்டு வந்த காது.

"இதுக்கு வாய் எங்க?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. மடி எங்கே, வாய் எங்கே, இங்கேயும் வந்துவிட்டார்களா?

"வாய் வேணாம்க்கா. எனக்கு இப்படித்தான் வேணும். பிடிக்கலன்னா பாக்காதீங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அலமாக், என்ன இப்படிக் கடிக்கிற? நான் வாய் போடுன்னா சொன்னேன்? எப்படிச் சாப்பிடும்னுதானே கேட்டேன்."

 ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. எப்படிச் சாப்பிடும்? பதினொரு வருடம் ஐந்து பேர் என் படங்களைப் பார்த்தார்கள். யானை எப்படித் தூங்கும், காகம் எங்கே கூடு கட்டும், ஒருவரும் கேட்டதில்லை. இருக்கக்கூடாது, இருக்க வேண்டும், இவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இந்த அக்கா கேட்டது வேறு. என் மிருகம் உயிரோடு இருக்கிறது என்று நம்பி, அது பட்டினி கிடக்கிறதே என்று கேட்டிருக்கிறார். அவர் மேல் போய் எரிந்து விழுந்தேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் நோட்டைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன். அந்த மிருகத்தின் காலை மட்டும் பெரிதாக வரைந்திருந்தேன். உள்ளங்கால் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"கால் வழியா சாப்பிடும்க்கா. சாப்பாட்டு மேல ஏறி நின்னுக்கும்."

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நன்றாகப் பார்த்தார். "அப்ப சுடுசோறு போட்டா கால் வெந்துடுமே?"

"ஆற வெச்சுத்தான் போடணும்."

"ம். அப்ப சரி."

அன்றிலிருந்து அக்காவின் விசாரணை இல்லாமல் ஒரு மிருகமும் பாலத்தைத் தாண்டியதில்லை. மழையில் நனையுமா, எதற்குப் பயப்படும், கறி வைத்தால் ருசிக்குமா. நன்றாக இல்லாத நாளில் முகத்துக்கு நேராகவே சொல்வார். "இது என்ன, பிஞ்ச செருப்பா?" எனக்குக் கோபம் வரும். ஆனால் கை நிற்காது. அந்த வித்தியாசம் எனக்கே அதிசயமாக இருந்தது.

ஒரு தடவை ஜொகூர் பக்கச் சோதனையில் இளவயது அதிகாரி ஒருவர் என் பையைத் திறந்தார். நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, இது என்ன விலங்கு என்று மலாயில் கேட்டார். பெயர் இல்லை என்றேன். எங்கே இருக்கிறது என்றார். எங்கேயும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருக்கிற விலங்கைக் கொண்டுவந்தால்தான் பெர்மிட் வேண்டும், இல்லாததற்கு வேண்டாம் என்று சொல்லிச் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். அக்காவுக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து மாளவில்லை.

இரண்டு நோட்டு முடிந்து மூன்றாவது பாதி ஆனபோது, அக்கா போனில் சில பக்கங்களைப் படம் எடுத்து மெர்சிங்கில் இருக்கும் தன் மகளுக்கு அனுப்பினார். என்னைக் கேட்டுத்தான் அனுப்பினார். மகள் என்னைக் கேட்காமல் நாலு பேருக்கு அனுப்பினாள். அந்த நாலு பேரில் ஒருவர் தமிழ்ப்பள்ளி டீச்சர். அப்படியே சுற்றிச் சுற்றி அது எங்கே போகக்கூடாதோ அங்கேயே போய்ச் சேர்ந்தது.

என் ஓய்வு நாளில், காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"என்னம்மா, எங்களையெல்லாம் மறந்துட்டீங்க?"

சார். அதே குரல். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கற்பனைத் திறன் வளர்க்க ஒரு நூல் போடுகிறார்களாம். இருபத்து நான்கு கற்பனை விலங்குகள் வேண்டுமாம். "உங்களோடதைப் பாத்தோம். ரொம்ப நல்லா இருக்கு. அட்டையிலயே உங்க பேரைப் போடுவோம்."

பதினொரு வருடத்தில் என் பெயர் அட்டையில் வந்ததே இல்லை. உள்பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்குக் கீழே வரும். அதனால் ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. மறைப்பானேன்?

கணவரிடம் சொன்னேன். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். "போறதுன்னா போ. ஆனா திரும்பி வந்து என்கிட்ட கோவப்படாத."

போனேன். அதே கடைவீடு, அதே மேசை. ஐந்து பேரில் இரண்டு பேர் புதியவர்கள். மூன்று நோட்டுகளையும் மேசையில் வைத்தேன். கைமாறிக் கைமாறிப் போயின. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்கள். பஸ்ஸில் நெரிசலில் எத்தனையோ பேர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள், அப்போதெல்லாம் தோன்றாத கூச்சம் அன்று வந்தது, யாரோ என் வீட்டு அலமாரியைத் திறந்து துணியைக் கலைப்பது போல.

"கற்பனை பிரமாதம்" என்றார் ஒருவர். "ஆனா இதுக்கு ஏழு காலு இருக்கு. எட்டா ஆக்கிடலாம். இரட்டைப்படை எண் சொல்லித் தர வசதியா இருக்கும்."

"இது பாக்கக் கொஞ்சம் பயமா இருக்கு. லேசா சிரிக்க வெச்சிடுங்க."

"பேரு இல்லாம எப்படி? நற்பண்பு சேத்துடலாம். இது நேர்மை விலங்கு, இது ஒற்றுமை விலங்கு. பெற்றோருக்குப் பிடிக்கும்."

நான் அந்த நீளக் கழுத்து மிருகத்தைப் பார்த்தேன். ஷிப்ட் தாளை முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அதைத்தான் ஒருவர் ஒற்றுமை விலங்கு என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது சார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். அந்தக் கழுத்தில் இருந்த உண்ணிகளைக் காட்டி, "இந்தப் பூச்சியெல்லாம் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் தாளின் பக்கம் கொண்டுபோனார்.

நான் கையை விரித்துத் தாளின் மேல் வைத்தேன். பேனா முனை என் புறங்கையில் பட்டுக் கோடு இழுத்தது.

"கோடு போடாதீங்க சார்."

"என்னம்மா? அடையாளத்துக்குத்தான்."

"என் நோட்டுல போடாதீங்க." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "சார், ஒண்ணு கேக்கணும். அந்தப் பசுவுக்கு மடி வேணாம்னு சொன்னது யாரு?"

 புதியவர்கள் இருவரும் என்ன பசு என்று பார்த்தார்கள்.

"அது பழைய கதைம்மா."

"எனக்கு இன்னும் பழசாகல சார். யோங் பெங்ல மைக்கைப் புடிச்சு ஓவியர் பண்ண தவறுன்னு சொன்னீங்க. விரலை வேற நீட்டினீங்க. இங்க மைக் இல்ல, ஆளும் அதிகம் இல்ல. இப்பவாவது சொல்லுங்க, யாரு சொன்னது?"

"அது குழுவா எடுத்த முடிவு. தனிப்பட்ட முறையில எடுத்துக்கக் கூடாது."

"முப்பது பேரு முன்னால விரல் நீட்டினப்ப குழு எங்க சார் போச்சு? அன்னைக்கு நான் மட்டும்தானே தனியா இருந்தேன்?"

அவர் பேனாவை மூடினார். "ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க. கலைஞர்கள்னாலே இப்படித்தான்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிஸ்கட்காரர் குனிந்துகொண்டார். மன்னிப்பு வரவில்லை. வராது என்று எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. மூன்று நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் வைத்தேன். ஒருவர் கையிலிருந்த நோட்டை அவர் விடாததால் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

 மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து இறங்கும்போது மேலேயிருந்து யாரோ ஓடி வந்தார்கள். குழுவில் இருந்த பழைய ஆள்களில் இளையவர், ஒரு டீச்சர்.

"அக்கா, ஒரு நிமிஷம். அன்னைக்கு யோங் பெங்ல நானும் இருந்தேன். உங்க தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் இளகியிருக்க வேண்டும். மாறாக, எனக்கு அதுவரை வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் வந்தது.

"தெரியும்னா ஏன் டீச்சர் பேசல?"

அவர் படியில் நின்று துப்பட்டாவை முறுக்கினார். "பயமா இருந்துச்சுக்கா" என்றார்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று வாயைத் திறக்காதவர்களின் கணக்கில் முதல் ஆள் நான்தான். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தேன். வெயில் கொளுத்தியது. அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். புறங்கையில் சிவப்புக் கோடு, பருப்புக் குழம்பு பட்டும் போகவில்லை.

அட்டையில் பெயர் போயிற்று. அந்த நூல் பிறகு வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. வேறு யாராவது வரைந்திருக்கலாம், போனில் கேட்டு வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படாமல்தான் சொன்னேன். அவர் ஏழு கால் மிருகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். "ஏழுதான் சரி. எட்டுன்னா சிலந்தி" என்றார். அவர் என் படத்தைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாள் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். "உன் நோட்டுல சிவப்புப் பேனா வெச்சானா? கையை ஒடிச்சிருக்கணும்லா!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாளாக அடக்கி வைத்ததைக் கொட்டிவிட்டேன், இனி எதை வைத்து வரைவது? கோபத்தில் வந்தது கோபத்தோடு போய்விடுமோ? அந்த வாரம் வரைந்தவை எல்லாம் மட்டம். கட்டையும் முட்டையுமாக, காலும் தலையும் ஒட்டாமல். ஒரு பக்கத்தில் வெறும் வால் மட்டும் இருக்கிறது. ஆனாலும் வரைந்தேன், ஒரு நாளும் விடவில்லை. அதற்கும் அடுத்த வாரம், எதன் மேலும் கோபம் இல்லாத ஒரு சாயங்காலம், கடல் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தபோது ஒன்று வந்தது. குட்டையானது, கொழுத்தது, முதுகில் மழைத்தண்ணீர் தேங்கும் குழி உள்ளது. அதை யார் மேலும் ஏவிவிட வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றது.

கோபத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாலம் இருக்கிற வரைக்கும் அந்தப் பஞ்சம் வராது.

போன மாதம் அக்காவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, என் பஸ்ஸில் வருவதில்லை. இப்போது என் பக்கத்தில் தினமும் யாராவது தூங்கி விழுகிறார்கள். வரைந்து முடித்ததும் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புகிறேன். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் குரல் செய்தியில் கேள்வி வந்துவிடுகிறது. நேற்று அனுப்பியதற்கு, பின்னால் தாளிக்கும் சத்தத்தோடு வந்தது.

"ஏய், இது முட்டை போடுமா, குட்டி போடுமா? ரெண்டும் இல்லன்னு மட்டும் சொல்லிடாத, வம்சம் அழிஞ்சு போயிடும்."

இன்னும் பதில் சொல்லவில்லை, வரைந்துதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஜாம் அதிகம் என்று சொல்கிறார்கள்.